கேப்பர் மலைக்கு எத்தனை கியர் வேண்டும்?

கடலூரில் ஒற்றைக் கியர் மவுண்டன் பைக் ஓட்டுபவர்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, கேப்பர் மலை ஏற்றம். இன்னொன்று, ஐப்பசியில் புதுச்சேரி நோக்கிப் போகும்போது முகத்தில் அடிக்கும் வாடை. என் வண்டியின் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 26 அங்குலச் சக்கரம். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துச் சக்கர அளவால் பெருக்கினால் ஏறத்தாழ 64 வரும். இந்த எண் குறையக் குறைய மிதிப்பது லேசாகும். மலை ஏற ஏறத்தாழ 40 வேண்டும். சமதரைக்கு 64 அருமையான எண், அதை விட்டுக்கொடுக்க மனம் வராது.

இரண்டும் வேண்டுமென்றால் கியர் மாட்ட வேண்டும். அதற்குக் கடைக்குப் போகும் முன் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பின்பக்கம் செயின் இருக்கும் பக்கம், ஆக்ஸில் உட்காரும் காடியை ஒட்டி மரை போட்ட ஓட்டையோடு ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் அதே ஃபிரேமில் கியர் மாடலும் வந்திருக்கலாம், பாதி வேலை முடிந்தது. பிறகு இரண்டு காடிகளின் உள்முகங்களுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளவெடுங்கள். கியர் மவுண்டன் பைக்கில் அது வழக்கமாக 135 மி.மீ. ஒற்றைக் கியர் ஃபிரேம்களில் பெரும்பாலும் 110 முதல் 120 வரைதான். செலவைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிதான். எத்தனை கியர் என்பதெல்லாம் பிறகு.

மலிவான வழி பின் பல்சக்கரமான ஃபிரீவீலை 22 பல்லுக்கு மாற்றுவது. 64 என்பது 52 ஆகும், செயினில் ஓரிரு கண்ணி கூடும், அவ்வளவுதான். காற்றுக்கு இது போதும். மலைக்குப் போதாது.

அடுத்தது 7 அடுக்கு ஃபிரீவீல், அதோடு செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லர். ஃபிரேமில் காது இருந்தால் அதில் மாட்டலாம், இல்லாவிட்டால் ஆக்ஸில் நட்டில் மாட்டும் கொக்கி வைத்தது. கடைக்காரர்கள் முதலில் சொல்வது இதைத்தான், தப்பும் இல்லை. 14 முதல் 28 பல் வரை இருக்கும் அடுக்கு போட்டால் 82லிருந்து 41 வரை கிடைக்கும். சக்கர நடுவில் இருக்கும் பழைய ஹப்பின் மரையில் இந்த அடுக்கு பெரும்பாலும் ஏறிவிடும் என்பதால் லேசான வேலை என்று தோன்றும். ஆனால் அடுக்கு அகலம், ஃபிரேமில் இடிக்கும். நீள ஆக்ஸில் போட்டு, ஸ்பேசர் வைத்து, ரிம்மை நடுவுக்கு இழுத்துப் பெண்டு எடுக்க வேண்டும். ஃபிரேமையும் விரிக்க வேண்டும். 135க்கு ஆசைப்படாதீர்கள், 7 அடுக்குக்கு 126 மி.மீ. போதும். இரும்பு ஃபிரேம் என்றால் மட்டுமே இதைச் செய்யலாம். அலுமினியத்தை விரித்தால் விரிசல் விடும். விரித்த பிறகு முன் கழுத்திலிருந்து இரண்டு காடிகளுக்கும் நூல் கட்டி, சீட் குழாயிலிருந்து நூல் இருபுறமும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தால் சக்கரம் கோணலாகவே நிற்கும்.

பலர் கோட்டை விடும் இடம் செயின். கியர் செயின் ஒல்லி. ஒற்றைக் கியருக்கென வந்த தடித்த முன் பல்சக்கரத்தில் அது உட்காராது, அதையும் மாற்ற வேண்டிவரும். பிறகு கியர் மாற்றும் ஷிஃப்டர், கேபிள், கேபிளைப் பிடிக்க கிளிப். கடைசியாக உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கும் என் வீட்டில் வெளியே நிறுத்திய டீரெய்லரின் சின்னச் சக்கரங்கள் ஒரே மழைக்காலத்தில் கிறீச்சிட ஆரம்பித்தன. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட முடியாதவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழி, ஹப்புக்குள்ளேயே கியர். ஷிமானோ நெக்ஸஸ், ஸ்டர்மி ஆர்ச்சர் இரண்டிலும் 3 கியர் ஹப் உண்டு. ஸ்டர்மி ஆர்ச்சரில் நடுக் கியர் அப்படியே சுற்றும், கீழ்க் கியர் 25 சதவீதம் லேசு, மேல் கியர் 33 சதவீதம் கனம். இதில் 22 பல் போட்டால் 39, 52, 69. மலை, காற்று, சமதரை மூன்றுக்கும் ஆளுக்கொன்று! பல மாடல்கள் 120 மி.மீ. அக்கம்பக்கம் என்பதால் ஃபிரேமை விரிக்கும் வேலை குறைவு. தடித்த செயினும் பழைய முன் பல்சக்கரமும் அப்படியே இருக்கலாம். காடி நீளவாட்டில் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை விறைப்பாக்க முடியும். கியர்கள் எல்லாம் ஹப்பின் கூட்டுக்குள் இருப்பதால் உப்பும் மணலும் அவ்வளவாக அண்டாது.

குறையும் உண்டு. புது ஹப்புக்குப் போக்ஸ் கம்பி எல்லாம் புதிதாகக் கோக்க வேண்டும், விலையும் கூடுதல். உள்ளே ஏதாவது உடைந்தால் தெருமுனைக் கடையில் பிரிக்கமாட்டார்கள். பஞ்சருக்குப் பயப்பட வேண்டாம். நம் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை உருவி ஒட்டிவிடுவார்கள்.

தினமும் ஓட்டி வெளியே நிறுத்துபவர்களுக்கு என் ஓட்டு 3 கியர் ஹப்புக்குத்தான். காது வைத்த ஃபிரேம் கிடைத்திருந்தால் மட்டும் டீரெய்லர். இரண்டில் ஒன்றுக்குக் காசு சேரும்வரை 22 பல் ஃபிரீவீலோடு ஓட்டுங்கள், மலையில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம்.