ஜெர்மன் கற்க வகுப்பா, செயலியா, புழக்கமா?

கோவையிலோ திருப்பூரிலோ வேலையும் குடும்பமுமாக இருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஜெர்மன் படிக்க நினைத்தால், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வகுப்பில் சேர் என்பார் ஒருவர். செயலியே போதும் என்பார் இன்னொருவர். அந்த நாட்டுக்கே போய்விட்டால் மொழி தானாக வந்துவிடும் என்பார் மூன்றாமவர்.

செயலியைச் சட்டென்று ஒதுக்கிவிடலாம். காந்திபுரம் போகும் பஸ்ஸில் சொற்களை நினைவுபடுத்திக்கொள்ள உதவும், அவ்வளவுதான். அது பெரும்பாலும் நம்மிடம் எதிர்க்கேள்வி கேட்டு மடக்குவதில்லை.

வகுப்பைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியோ இரண்டிலும் சேராத மூன்றாம் பால். காதில் விழுவதை வைத்தே இதைப் பிடித்துக்கொள்ள வயது வந்தவர்களால் எளிதில் முடியாது. யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவது ஆங்கிலேயரைத்தான் படுத்தும், நமக்கு அது பழகிய வரிசை. கோவையிலேயே ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே மையம் இருக்கிறது. குறை என்னவென்றால், பெரிய வகுப்பில் ஒருவருக்கு வாய் திறக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

மூழ்கினால் மொழி வரும் என்பதற்குத் திருப்பூரை விடச் சான்று வேண்டுமா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிகளுக்கு வந்த எத்தனையோ பேர், எந்த வகுப்புக்கும் போகாமல் தமிழில் கூலி பேசுகிறார்கள், மளிகைக் கடையில் பேரம் பேசுகிறார்கள். அதே ஊரில், தன் மாநிலத்து மேஸ்திரியிடம் வேலை செய்து, தன் ஊர்க்காரர்களோடே அறையில் தங்கியிருப்பவருக்கு ஆண்டுகள் போனாலும் பத்துச் சொற்களுக்கு மேல் வருவதில்லை. ஊர் ஒன்றுதான்; தேவைதான் வேறு. நன்றாகப் பேசுகிறவர்களிலும் பலரால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெர்லினுக்குப் போய், தமிழ் நண்பர்களோடு குடியிருந்து, அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவருக்கும் அந்தப் பத்துச் சொல் கதிதான்.

ஆகவே என் வாக்கு, வகுப்பில் தொடங்கிப் புழக்கத்துக்கு மாறுவதற்கு. ஏ1, ஏ2 எனும் தொடக்க நிலைகளை வகுப்பில் முடித்துவிட்டு, அதன்பின் பேச்சுத்துணை தேடலாம். தமிழ் கற்க விரும்பும் ஜெர்மானியர் கிடைப்பது அரிது; ஆங்கிலத்தைப் பதிலுக்குத் தருவதாகச் சொன்னால் இணையத்தில் ஆள் கிடைக்கும். நமக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது அங்கே கோடையில் மாலை ஆறு, குளிர்காலத்தில் ஐந்து. வேலை முடிந்து உட்கார ஏற்ற நேரம். வானிலையைப் பற்றிப் பேசிப் பொழுதைக் கழிக்காமல், சாயத்தில் ஷேடு மாறிய துணிக்குப் பையரிடம் (துணி வாங்கும் நிறுவனத்தாரிடம்) எப்படி விளக்கம் சொல்வது என்பது போன்ற சொந்தத் தொழில் சங்கதியை எடுத்துக்கொண்டால் வேகம் தெரியும். ஜெர்மனியின் டாய்ச்சு வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்திகளை இலவசமாகத் தருகிறது. காதுக்கு அது நல்ல பயிற்சி. ஸ்டுட்கார்ட் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள ஸ்வாபிய வட்டாரப் பேச்சுவழக்கையும் கொஞ்சம் கேட்டு வைப்பது நல்லது. புத்தகத் தமிழ் படித்துவிட்டுப் பொள்ளாச்சிச் சந்தைக்கு வந்தவர் போல விழிக்க நேராது.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்களிடம் பெரும்பாலும் ஏ2-வுக்கு இரண்டு படி மேலான பி2 நிலைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. எழுத்துத் தேர்வும் உண்டு என்பதால் வகுப்பைக் கடைசி வரை விட முடியாது. கோத்தே பி2 தேர்வின் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு ஆகிய நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம். பேச்சில் முதலில் தேறிவிட்டு, எழுத்துக்குச் சில மாதங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.