ஓ.எம்.ஆர். வேலைக்குக் கடலோர வீடு: திருவான்மியூர் முதல் கோவளம் வரை ஒரு மதிப்பீடு

பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) வேலை கிடைத்துச் சென்னைக்குக் குடிவருகிறவர்கள், கடலுக்கு எத்தனை தெரு தள்ளி வீடு என்று கேட்பதற்கு முன்னால் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓ.எம்.ஆரும், கடலை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரும் பக்கத்துப் பக்கத்தில் தெற்கே போகும் இரண்டு சாலைகள். இடையில் இந்தக் கால்வாய். கார் தாராளமாகக் கடக்கிற வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: திருவான்மியூரிலிருந்து தரமணிப் பக்கம் போகும் சாலைகள், பாலவாக்கத்தையும் கந்தன்சாவடியையும் இணைக்கும் எம்.ஜி.ஆர். சாலை, அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போகும் கலைஞர் கருணாநிதி சாலை, கடைசியாகக் கோவளம் - கேளம்பாக்கம் சாலை. ஈஞ்சம்பாக்கத்து மொட்டை மாடியில் நின்றால் துரைப்பாக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் கண்ணெதிரே தெரியும். போய்ச் சேர வேண்டுமானால் தெற்கே அக்கரைக்கோ, வடக்கே பாலவாக்கத்துக்கோ போய்த்தான் திரும்ப வேண்டும்.

ஆகவே வேலை நியமனக் கடிதத்தில் உள்ள முகவரியை வைத்தே தேட ஆரம்பியுங்கள். "ஓ.எம்.ஆர்." என்று மொட்டையாகச் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 20 கி.மீ. தரமணி, கந்தன்சாவடி, பெருங்குடி என்றால் திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம். சோழிங்கநல்லூர், காரப்பாக்கம் என்றால் நீலாங்கரையின் தென்பகுதி, ஈஞ்சம்பாக்கம், அக்கரை. சிறுசேரி, நாவலூர் என்றால் கேளம்பாக்கம், கோவளம். இந்த மூன்று ஜோடிகளையும் கலைத்துப் போட்டால் கடற்காற்றில் கிடைக்கிற நிம்மதியெல்லாம் சிக்னலில் கரைந்துவிடும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரயில் வேலை நடக்கும் வரை ஓ.எம்.ஆரில் வண்டி போக மிஞ்சும் அகலம் குறைவு. வீடு பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள். வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் கேட் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முதல் இடம் திருவான்மியூருக்குத்தான். பறக்கும் ரயில் நிலையம் டைடல் பார்க்கை ஒட்டியே இருக்கிறது, பேருந்து நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, காய்கறிக்கும் மருந்துக்கும் வண்டியை எடுக்க வேண்டாம். கணவனும் மனைவியும் ஊரின் வேறு வேறு மூலைகளில் வேலை பார்த்தால் இந்த ஒரு ஊர்தான் இருவருக்கும் பொருந்தும். இந்தக் கடற்கரை வரிசையில் ரயில் கைக்கெட்டுகிற தூரத்தில் உள்ள ஊர் இது ஒன்றே. குறை என்றால் வாடகை. வரிசையிலேயே அதிகம். பட்ஜெட்டுக்குள் கிடைப்பவை பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடங்கள். உப்புக்காற்றை வருஷக்கணக்காக வாங்கியவை என்பதால் அவற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறோம். மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பங்குனித் தேர் சமயத்தில் காரை வெளியே எடுப்பது கஷ்டம். மற்ற நாட்களில் அந்த வீதிகளைப் போல வசதியான இடம் கிடையாது.

கொட்டிவாக்கமும் பாலவாக்கமும் திருவான்மியூரின் நீட்சிதான். வாடகை கொஞ்சம் இறங்கும், ரயில் கொஞ்சம் தள்ளிப் போகும். மீனவக் குப்பத்தை ஒட்டிய தெருக்களில் காலையில் ஃபைபர் படகு கரையேறும் நேரத்துக்குப் போனால் மீன் அப்படியே துள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் சந்தையில் விலை ஏறும்போது, இந்தச் சிறு படகுகள் கொண்டுவரும் மீன்தான் கைகொடுக்கும். ஒன்றை மட்டும் குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: இந்தக் கரையெங்கும் கடலடி சட்டென்று ஆழமாகும், இழுவை பலமாக இருக்கும். கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது.

நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் வீட்டைப் பார்த்தால் மயக்கும். தனி வீடு, தோட்டம், அகலமான தெரு. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகள் என்பதால் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பழைய நகரத்துக்கு வந்ததுபோல எல்லாத் தெருவுக்கும் ஒரே சமயத்தில் வரவில்லை. நீங்கள் பார்க்கிற தெருவில் இரண்டும் ஓடுகின்றனவா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். சாக்கடை இணைப்பு இல்லாவிட்டால் செப்டிக் டேங்க்தான், அதற்குக் கழிவுநீர் லாரி வர வேண்டும். மணல் தரையில் செப்டிக் டேங்க்கும் போரும் (ஆழ்துளைக் கிணறும்) பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தப் போர் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை ஈ.சி.ஆருக்கு அடியில் இருப்பது மணல். பெய்கிற மழை அதில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஓரடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறி வருகிறது. ஆழமாகப் போர் போட்டு நாள் முழுக்க மோட்டார் ஓடுகிற தெருவில் கோடையில் தண்ணீர் கரிப்பது இதனால்தான். இரண்டு தெரு தள்ளி ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதும் இதனால்தான். அதனால் "இந்த ஏரியா தண்ணீர் நன்றாக இருக்கும்" என்று யாராவது ஊர் முழுவதற்கும் சேர்த்துச் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள், தெருவுக்குத் தெரு மாறும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொண்டு வீடு பாருங்கள். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் இரண்டிலும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பல வீடுகளில் ஒன்றில் லாரித் தண்ணீரும் இன்னொன்றில் போர் தண்ணீரும் வரும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. மீட்டர் 500-க்குள் காட்டினால் கவலையில்லை. 1000-ஐத் தாண்டினால் சோப்பு நுரைக்காது, முடி வறளும், ஹீட்டர் காயில் சீக்கிரம் போகும். 2000-ஐத் தாண்டினால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வு நெடுநாள் தாங்காது. அந்த இயந்திரம் நாலு லிட்டர் வாங்கி ஒரு லிட்டர்தான் கொடுக்கும், மூன்று லிட்டர் வெளியே போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் பார்த்தால் எந்தப் போரும் நல்ல பெயர் எடுக்கும். மே, ஜூனில் அதே போர் வேறு எண் காட்டும். அப்போது வந்து பார்க்க முடியாதென்றால் வாட்ச்மேனைக் கேளுங்கள்: "மே மாசத்துல வாரத்துக்கு எத்தனை லாரி வருது?" வீட்டுக்காரர் சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

லாரிச் செலவையும் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரத் திட்டமிடலில் எடுக்கும் அளவு. நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று மூன்று வாரம் வரும். இருபது வீட்டு அடுக்ககம் என்றால் கிட்டத்தட்ட தினம் ஒரு லாரி. அந்தச் செலவு மெயின்டெனன்ஸுக்குள் அடக்கமா, கோடையில் தனியாக வசூலிப்பார்களா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். 2019 கோடையில் ஓ.எம்.ஆரில் சில நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறக்க வேண்டாம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இல் 100 எம்.எல்.டி. (நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர்) அளவில் வந்தது, 2024-இல் இன்னொரு 150 எம்.எல்.டி. சேர்ந்தது. தென்சென்னைக்கு அது பெரிய தெம்பு. ஆனாலும் உங்கள் தெருவில் குழாய் இருந்தால்தான் அந்தத் தெம்பு உங்களுக்கு.

அக்கரை, உத்தண்டி: சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு இதைவிடத் தோதான கடலோரம் இல்லை. இணைப்புச் சாலை நேராக ஜங்ஷனில் கொண்டுபோய் விடும். உத்தண்டி டோலுக்கு எந்தப் பக்கம் வீடு என்று மட்டும் பாருங்கள். ஓ.எம்.ஆர். சுங்கச்சாவடிகள் 2021-லும் 2023-லும் எடுக்கப்பட்டுவிட்டன, ஈ.சி.ஆரில் டோல் தொடர்கிறது. தெற்கே குடியிருந்து வடக்கே வேலைக்குப் போகிறவருக்கு அது மாதச் செலவில் ஒரு வரி. சனி மாலை தெற்கு நோக்கியும் ஞாயிறு மாலை வடக்கு நோக்கியும் சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொள்ளும், வார இறுதி ஷிஃப்ட் உள்ளவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள்.

கானத்தூர், முட்டுக்காடு தொடங்கி செங்கல்பட்டு மாவட்டம். சிறுசேரி வேலைக்குக் கோவளம் நல்ல தேர்வு. கேளம்பாக்கம் நாலைந்து கி.மீ., அங்கிருந்து ஓ.எம்.ஆரில் வடக்கே கொஞ்ச தூரம். காலையில் நகரத்திலிருந்து வரும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் கேளம்பாக்கம் தாண்டித்தான் போக வேண்டும். சின்னக் குழந்தையோ வயதான பெற்றோரோ இருக்கும் வீட்டுக்குக் கேளம்பாக்கத்திலேயே தங்குவது மேல். தனியாக வருகிற, இரண்டு சக்கர வண்டி வைத்திருக்கிற இளைஞருக்குக் கோவளத்தைத் தயங்காமல் சொல்லலாம்.

"அப்படியானால் கால்வாய்க்கு மேற்கே ஓ.எம்.ஆர். அடுக்ககத்திலேயே இருந்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். ஈ.சி.ஆர். மணல் மேடு, மழைத் தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். ஓ.எம்.ஆரின் மேற்குப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிகிற நீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடல் சேர வேண்டும். கடல் பொங்கியிருக்கும் புயல் நாளில் அது மெதுவாகத்தான் வடியும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மழை நின்ற பிறகும் பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றது அதனால்தான். அங்கே எடுப்பதானால் தரைத்தளம் வேண்டாம், ஜெனரேட்டரும் மின் பேனலும் பேஸ்மென்ட்டில் இல்லாத கட்டடமாகப் பாருங்கள். ஈ.சி.ஆரிலும் கால்வாயை ஒட்டிய கடைசித் தெருக்களில் தண்ணீர் ஏறும், கொசுவும் அங்கேதான் அதிகம்.

இனி உப்புக்காற்று. கடலிலிருந்து முதல் இரண்டு மூன்று தெருக்களுக்குள் வீடு என்றால் சுவரின் புதுப் பெயின்டைப் பார்த்து ஏமாறாமல் தலையைத் தூக்கி சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பால்கனி ஸ்லாபின் அடியையும் பாருங்கள். கம்பி ஓடும் வரிசையில் நேர்கோட்டு விரிசல், பழுப்புக் கறை, உப்பிய காரை தெரிகிறதா? ஒரு சாவியால் தட்டுங்கள். கெட்டியான இடம் "டக்" என்று ஒலிக்கும், உள்ளே துரு பிடித்துக் காரை விட்டுப்போன இடம் பொக்கென்று ஒலிக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்துக் காரையைத் தள்ளும், ஒருநாள் துண்டாக விழும். கரிக்கிற போர் தண்ணீரிலேயே கலவை போட்டு நீராற்றிய கட்டடங்களில் இது கடலுக்குத் தள்ளி இருந்தாலும் வரும். மேல்பூச்சு பூசி மறைத்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். ஜன்னல் துருப்பிடிக்காத யு.பி.வி.சி. பிளாஸ்டிக் என்றால் நல்லது, இரும்பு கிரில் என்றால் கீல் திறக்கிறதா பாருங்கள்.

ஏ.சி. வாங்கும்போது காப்பர் காயில், அதன் மேல் துருத்தடுப்புப் பூச்சு இரண்டும் இருக்க வேண்டும். அவுட்டோர் யூனிட்டைக் கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் மாட்டவிடாதீர்கள், மேற்கிலோ உள்முற்றத்திலோ போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவினால் காயில் கூடுதல் காலம் உழைக்கும். கழுவுவது போர் தண்ணீர் என்றால் கழுவாமலே விடலாம். இன்வெர்ட்டர் பேட்டரி முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி. பைக் செயினுக்கு வழக்கத்தைவிடப் பாதி இடைவெளியில் எண்ணெய்.

ஒப்பந்தம் போடும்போது: தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அதற்கு மேல் கேட்டால் அதைக் காட்டிப் பேரம் பேசுங்கள். மின்சாரம் உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். மின்வாரியத்தின் அளவீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டரில் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராமல் போகலாம். கிரில், குழாய், ஹீட்டர் ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள துருவைக் குடிபோகும் அன்றே போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பதற்குக் கடலோர வீடுகளில் அடிக்கடி சொல்லப்படும் காரணம் அந்தத் துருதான்.