சென்னையில் கார் இல்லாமல் சுற்றினோம்: ஒரு மார்கழிப் பயணக் குறிப்பு

"நாள் முழுக்க ஒரு காரைப் பேசிடு, உன்னால அலைய முடியாது." வெளிநாட்டிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு உறவுக்காரர்கள் சொல்லும் முதல் யோசனை இதுதான். குரோம்பேட்டையில் இருக்கும் என் அண்ணியும் இதையேதான் சொன்னார். அன்பில் சொல்வதுதான். ஆனால் நானும் மகளும் இந்த முறை காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ரோ, மின்சார ரயில், மாநகரப் பேருந்து என்றே சுற்றினோம். டொராண்டோவிலிருந்து இரண்டு பேருக்கு விமான டிக்கெட் எடுத்த பிறகு செலவைப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. அதோடு, இந்த ஊர் தன் மக்களுக்காகச் செய்து வைத்திருக்கும் வசதிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. பார்த்த வரையில் உறுதியாகச் சொல்கிறேன்: பொதுப் போக்குவரத்தை நம்பி இறங்கினால் சென்னையை மிகக் குறைந்த செலவில் சுற்றலாம். நம் பணம் கரைவதெல்லாம் அதற்கு வெளியேதான்.

விமான நிலையத்திலிருந்தே தொடங்கலாம். வெளியே வந்ததும் டாக்ஸி வேண்டுமா என்று கேட்பவர்களைத் தாண்டி மெட்ரோ பலகையைப் பார்த்து நடந்தால், வளாகத்துக்குள்ளேயே நிலையம். மெட்ரோவில் எங்கிருந்து எங்கே போனாலும் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய்தான். க்யூஆர் டிக்கெட் எடுத்தால் அதிலும் 20 விழுக்காடு தள்ளுபடி. நீல வழித்தடம் சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, அண்ணா சாலை வழியாக சென்ட்ரலுக்கும் அதைத் தாண்டி விம்கோ நகருக்கும் போகிறது. கோயம்பேடு, எழும்பூர் பக்கம் போக வேண்டுமானால் ஆலந்தூரில் மாறிக்கொள்ள வேண்டும். காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரை ஓடுகிறது. வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் இறங்குகின்றன. விடியற்காலையில் இறங்கினால் சுங்கம், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வருவதற்குள் ஐந்து மணியை நெருங்கிவிடும். கொஞ்சம் பொறுத்து ஒரு காபி குடித்துவிட்டு முதல் ரயிலில் ஏறலாம்.

இன்னும் மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் எதிரேயே திரிசூலம் ரயில் நிலையம். மின்சார ரயிலில் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, மாம்பலம், எழும்பூர் என்று உறவினர் வீடு இந்தத் தடத்தில் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. பெரிய பெட்டிகளோடு காலை எட்டு முதல் பத்து மணிக்குள் மட்டும் ஏறாதீர்கள். அது வேலைக்குப் போகிறவர்களின் நேரம், நம் பெட்டி அவர்கள் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். வயதானவர்களோடு போகிறவர்கள் அதன் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

பேருந்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளை போர்டு வண்டி என்று ஊரில் சொல்வார்கள், முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டிகளையும் பார்க்கலாம். அடையாள அட்டை எதுவும் கேட்பதில்லை. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார். என் மகளுக்கு அது பெரிய ஆச்சரியம். எனக்கு அதைவிட, அந்த வண்டியில் இருந்த பெண்களைப் பார்த்துத்தான் மனம் நிறைந்தது. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூக்கூடையோடு ஏறியவர்கள், இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் பாட்டி. முன்பெல்லாம் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு நடந்தே போயிருக்கக்கூடியவர்கள். நாங்கள் கொஞ்ச நாள் வந்து போகிறவர்கள், வரி கட்டுவதும் வேறு நாட்டில். அதனால் சொகுசுப் பேருந்து கிடைத்தபோதெல்லாம் காசு கொடுத்து அதில் போனோம், கிடைக்காதபோது வெள்ளை போர்டில் ஏறினோம். எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

ஆண்களுக்கும் செலவு ஒன்றும் பெரிதில்லை. சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய், ஏசி பேருந்தில் 15. இப்போது தாழ்தளப் பேருந்துகளும் வந்திருக்கின்றன. நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள்கூட ஏறிவிடலாம். சென்னை ஒன் என்ற செயலி 2025 செப்டம்பரில் வந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம், வண்டி எங்கே வருகிறது என்றும் தெரியும். ஆனாலும் நிறுத்தத்தில் நிற்கும் யாரிடமாவது "அக்கா, இது மந்தைவெளி போகுமா?" என்று கேட்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒருவரிடம் கேட்டால் நான்கு பேர் பதில் சொல்வார்கள்.

அப்புறம் ஆட்டோ. அரசு 2013-ல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன் பிறகு எரிபொருள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யோசித்தால், மீட்டர் ஏன் ஓடுவதில்லை என்பது புரியும். ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகத் தெரியவில்லை. நமக்கு எது நல்லது என்றால், முதலில் செயலியில் தொகையைப் பார்த்துக்கொள்வது. ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி எல்லாம் ஓடுகின்றன. தெருவில் நிற்கும் ஆட்டோவோடு பேசும்போதும் அந்தத் தொகையைச் சொல்லி, பத்து இருபது கூட வைத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். பேச்சில் வெளிநாட்டு வாடை அடித்தால் விலை ஏறும் என்பது உண்மைதான். "அண்ணா, திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டு, எவ்வளவு?" என்று சுருக்கமாகக் கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய சாலைகளில் ஷேர் ஆட்டோ ஓடும் தடங்களைத் தெரிந்துவைத்தால் இன்னும் மிச்சம்.

தங்குமிடத்தில்தான் எங்களுக்குக் கசப்பு. இரண்டு இரவு அண்ணி வீட்டில் தங்காமல் நகருக்குள் தங்கலாம் என்று எழும்பூர்ப் பக்கம் ஒரு சிறிய விடுதியில் இணையத்தில் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தோம். வாசலில் மகளின் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் இல்லை" என்றார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் விடுதி நடத்துபவர் அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். பல சிறிய விடுதிகள் அந்த வேலைக்குத் தயாராக இல்லை. அது அவர்கள் விருப்பமாக இருக்கலாம், ஆனால் பணம் வாங்கும்முன் சொல்லியிருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பெட்டிகளோடு ஒரு பெண்ணையும் பிள்ளையையும் வாசலில் நிறுத்திச் சொல்லும் செய்தி இல்லை அது. ஆகவே முன்பதிவு செய்யும்முன் தொலைபேசியில் அழைத்து, "கனடா பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை, ரூம் தருவீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். (ஓசிஐ என்பது இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை.) எழும்பூர் கென்னட் லேன், பெரியமேடு, திருவல்லிக்கேணி மூன்றும் குறைந்த வாடகைக்குப் பெயர் போன பகுதிகள். ரயில், மெட்ரோ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எனக்கு எழும்பூர்தான் முதலில்.

பணம் கொடுப்பது இன்னொரு சங்கடம். இளநீர்க் கடையிலிருந்து பூக்காரம்மா வரை கைபேசியில் பணம் செலுத்தும் யூபிஐ பலகை வைத்திருக்கிறார்கள், ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்கிறார்கள். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால், கனடா, சிங்கப்பூர், அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் சிலவற்றின் கைபேசி எண்ணிலேயே யூபிஐ இணைக்க முடிகிறது. கிளம்பும்முன் வங்கியில் கேட்டு அதை முடித்துவிட்டு வருவது நல்லது. கணக்கு இல்லாதவர்கள் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்திருங்கள். உள்ளூர் சிம் கார்டு இல்லாமல் பாதிச் செயலிகள் ஓடிபி கேட்டு நின்றுவிடுகின்றன. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் சிம் வாங்கினால் உயிர் பெற நேரம் எடுக்கலாம். ஆகவே முதல் நாளே வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். அம்மா உணவகங்கள் 2013-ல் தொடங்கியவை. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். யாரும் போய்ச் சாப்பிடலாம். ஒரு காலை நேரத்தில் சாப்பிட்டோம்: இட்லி சூடாக இருந்தது, பரிமாறிய பெண்கள் மகளைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினார்கள். ஆனால் தினமும் அங்கே சாப்பிட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனைக்கு வந்தவர்களும் கூலி வேலைக்காரர்களும் அதை நம்பியிருக்கிறார்கள். நமக்குத் தெருவுக்குத் தெரு மெஸ் இருக்கிறது. திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, மயிலாப்பூரில் காளத்தி கடை ரோஸ்மில்க், ஜன்னல் கடை பஜ்ஜி எல்லாம் கையைக் கடிக்காத செலவில் முடியும்.

என் மனதுக்கு மிக நெருக்கமாக இருந்த சாப்பாடு கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே, செகண்ட் லைன் பீச் தெருவில் மாலையில் போடும் அத்தோ கடைகள்தான். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பும் தருவார்கள். பக்கத்தில் உள்ள பர்மா பஜாரும் அவர்கள் பிழைப்புக்காக உருவானதுதான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளை அங்கே கட்டாயம் கூட்டிப் போங்கள். நமக்கு முன்பே கடல் தாண்டிப் போய், வேறு வழியின்றித் திரும்பி வந்தவர்களின் கதையை அந்தத் தட்டை வைத்துக்கொண்டு சொல்லலாம்.

மார்கழியில் வருகிறவர்களுக்குப் பெரிய கொடை, சபாக்களின் பகல் நேரக் கச்சேரிகள். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் விலை ஏறும், ஆனால் பல சபாக்களில் காலையிலும் மதியத்திலும் இளம் கலைஞர்கள் பாடுவதை இலவசமாகக் கேட்கலாம். பாதி நாற்காலி காலியாக இருக்கும் அரங்கில், கேட்பவர் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் ஒரு பெண் தோடி ராகத்தை விரித்துப் பாடியதைக் கேட்டோம். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி. புத்தகத்துக்கு 10 விழுக்காடு தள்ளுபடி. விமானத்தில் பெட்டி எடையை இதற்காகவே விட்டுவையுங்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலக் காட்சிக்கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் போதாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது நுழைவுக் கட்டணம். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. தேசியச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கு இந்தியக் கட்டணமே என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் கையோடு கொண்டு போங்கள். மாமல்லபுரத்துக்குத் தாம்பரத்திலிருந்து 515 எண் மாநகரப் பேருந்து போகிறது. அர்ச்சுனன் தபசு பாறையைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

தி.நகருக்குப் போகிறவர்கள் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினால், பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் பகுதிகளில் சாலை வழி திருப்பிவிடப்படுவதால், கார் வைத்திருக்கும் உறவினரைவிட நாங்கள் முன்னால் போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு. அண்ணியே கடைசியில் எங்களோடு ரயிலில் வந்தார்.

சென்னையிலிருந்து சொந்த ஊருக்குக் கிளம்பும் கட்டம்தான் இன்னும் சரியாகவில்லை. தென்மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் போகும் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டன. நிலையம் விசாலமாக, சுத்தமாக இருக்கிறது. ஆனால் நகருக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேர்வது பெரும்பாடு. இரவு பெட்டிகளோடு வரும் முதியவர்களைப் பார்க்கும்போது, ரயில் இணைப்பை முதலில் முடித்துவிட்டு நிலையத்தைத் திறந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. ரயிலில் போகலாம் என்றால், முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, பொங்கலுக்கு உடனே தீர்ந்துவிடும். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் (கடைசி நேர முன்பதிவு) எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். ஆதார் இல்லாதவர்கள் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், முடிந்த வரை முன்பே எடுத்துவிடுங்கள். பேருந்துதான் என்றால், தாம்பரம் வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து மாநகரப் பேருந்தில் கிளாம்பாக்கம் போவது செலவு குறைந்த வழி. வண்டி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், வெள்ளிக்கிழமை மாலை என்றால் மூன்று.