வால்வோ 240 வேகன்: இஞ்சினுக்குக் கும்பிடு, டிக்கி கதவு வயருக்குச் சாபம்

பழைய வால்வோ 240 வேகன் (கூரை கடைசிவரை நீண்டு, பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் கார்) ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் இஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஆயில் குடிக்குமா, புகை தள்ளுமா. அந்தக் கவலையெல்லாம் இந்த வண்டிக்குத் தேவையில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: டிக்கி கதவை நாலு தடவை திறந்து மூடிய பிறகும் பிரேக் விளக்கு எரிகிறதா?

சிரிக்க வேண்டாம். 1974-இல் வந்து 1993-இல் நின்றுபோன மாடல் இது. கடைசியாக வந்த வண்டிக்கே முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த முப்பது வருடமும் பின்கதவுக்குப் போகும் வயர்கள் கூரையிலிருந்து இறங்கி, கீல் இருக்கும் இடத்தில் வளைந்துதான் கதவுக்குள் நுழைகின்றன. பின் வைப்பர், கண்ணாடியில் பனி நீக்கும் சூட்டுக்கோடுகள், நம்பர் பிளேட் விளக்கு, சென்ட்ரல் லாக், வட அமெரிக்க வண்டிகளில் 1986 மாடல் முதல் வந்த மூன்றாவது பிரேக் விளக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் பாதை. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே இரண்டங்குல நீளம்தான் மடிகிறது. வயர்மேல் உள்ள பிவிசி உறையை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து வருடக்கணக்கில் வற்றிப்போகும். பிறகு மைனஸ் 20 டிகிரிக் குளிரில் கதவைத் தூக்கினால் காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி ஒடியும்.

கோளாறு இரண்டு விதமாக வரும். உறை வெடித்து உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் போகும். பிரேக் விளக்கு வயர் அப்படித் தொட்டால் போவது மூன்றாவது விளக்கு மட்டுமல்ல, இடது வலது இரண்டும் சேர்ந்தே போகும். டாஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை வருமே என்று நம்பி உட்காராதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் போகும் மின்னோட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அந்த எச்சரிக்கையின் வேலை. இரண்டும் ஒன்றாகச் செத்துவிட்டால் ஒப்பிடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால்தான் தெரியும், அல்லது முட்டினால்.

இன்னொரு விதம் இதைவிடப் பொல்லாதது. உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கதவு மூடியிருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், திறந்தால் விலகும். அறுந்தது எர்த் வயர் என்றால் கூத்துத்தான். வைப்பரைப் போட்டால் நம்பர் பிளேட் விளக்கு மங்கலாக எரியும், பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஒரு துடி துடிக்கும். மோட்டார் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்வார், புது மோட்டார் போட்டாலும் அதே ஆட்டம். மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து விளக்கின் வழியாகச் சுற்றிப் போகிறது, விஷயம் அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பின்கண்ணாடிச் சூட்டைப் போடுங்கள், அதுதான் அங்கே அதிக மின்சாரம் இழுப்பது. மீட்டரின் ஒரு முனையைக் கதவுக்குள் இருக்கும் எர்த் இணைப்பிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. அப்படியே இன்னொருவரைக் கதவை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். எண் துள்ளினால் வேறு எங்கும் தேடவேண்டாம், கீல்தான்.

சரி, சரிசெய்வது எப்படி? பலர் செய்யும் தப்பு, அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவைப்பது. ஈயம் ஊறிய இடம் கம்பி மாதிரி விறைத்துப்போகும். வளைவு முழுக்க அந்த விறைப்பின் ஓரத்தில் விழும், அடுத்த குளிர்காலத்தில் அங்கேயே மறுபடி அறும். இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் வீண். வெயிலில் பசை உருகி வழியும், குளிரில் டேப் கழன்று தொங்கும். எல்லாவற்றிலும் பெரிய பாவம், ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் மாட்டுவது. கூரைத் துணிக்கு அடியில் தீ வைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

செய்யவேண்டியது இது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கதவின் உள்பலகையையும் கூரையின் பின்ஓரப் பட்டையையும் எடுங்கள். வண்டி சூடாக இருக்கும் நாளில் செய்யுங்கள், ஏனென்றால் இந்த வேகனின் உள்பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி, குளிரில் தொட்டாலே நொறுங்கும். கீலுக்கு இரண்டு பக்கமும் கையகல நீளம் தள்ளி, வளையாத இடத்தில் வெட்டி, நடுவில் புது வயர் போடவேண்டும். பழைய நீளத்தைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள், கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடக் கூடாது. புது வயர் சிலிக்கான் உறை போட்ட, மெல்லிய இழைகள் நிறைய உள்ள ரகமாக இருக்கட்டும். சாதாரண கார் வயர் போட்டால் சில வருடம் கழித்து இதே வேலையைத் திரும்பச் செய்வீர்கள். சூட்டுக்கோட்டுக்கும் எர்த்துக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர், மற்றதற்கெல்லாம் 1 போதும்.

ஒரு நேரத்தில் ஒரே வயரை வெட்டி, அதை இணைத்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பழைய வயர்களின் நிறம் அழுக்கில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும், மொத்தமாக வெட்டிவிட்டு நிற்பவர்களுக்குச் சிவராத்திரிதான். இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வரட்டும், இல்லையென்றால் கட்டு தடித்து உள்ளே நுழையாது. ஒவ்வொன்றுக்கும் சூட்டில் சுருங்கும் குழாய். இடது, வலது கீல்களில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒன்று போயிருந்தால் மற்றதும் வழியில் இருக்கிறது. அங்கேயே போகும் வாஷர் தண்ணீர்க் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். அது வெடித்தால் தண்ணீர் சொட்டுவது நீங்கள் இப்போது போட்ட இணைப்புகள் மேல்தான்.

நிதானமாகச் செய்தால் ஒரு முழு நாள் போகும். பொருள் செலவு பெரிதில்லை. கோபம் எதனால் என்றால், இஞ்சினை இப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் பத்து வயரை வளைக்கும் இடத்தில் கஞ்சத்தனம் பார்த்திருக்கிறார்கள்.

அந்த இஞ்சினைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2.3 லிட்டர் பி230எஃப் இஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது. வண்டி நிற்கும், இழுத்து வந்து புது பெல்ட் போட்டால் ஓடும். பெல்ட்டை 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும், வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாம். ஃபேனையும் வெளி பெல்ட்டுகளையும் கழற்றி, 24 எம்எம் கிராங்க் போல்ட்டைப் பிடித்துச் சுற்றிக் குறிகளைச் சேர்த்து, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் 17 எம்எம் நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை அமுக்கி, அதன் தண்டிலுள்ள ஓட்டையில் ஒரு ஆணியைச் சொருகினால் பழைய பெல்ட் கையோடு வரும். குறி மூன்று: கிராங்க், கேம், இடைத்தண்டு. இடைத்தண்டை அலட்சியம் செய்யாதீர்கள், 240-இல் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது அதுதான். கிராங்க் புல்லியின் இரண்டு வளையங்களுக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. அது நைந்து வெளிவளையம் நழுவியிருந்தால் புல்லியில் உள்ள குறி பொய் சொல்லும். புல்லியைக் கழற்றி, பல்சக்கரத்தை ஒட்டியுள்ள தகட்டின் குறியைப் பார்த்து வைப்பதே பத்திரம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட்டை மூடியிருக்கும் உறையிலுள்ள ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்த 17 எம்எம் நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கவேண்டும். புது பெல்ட் கொஞ்சம் நீளும், ஸ்பிரிங் அதைத் தானே ஏற்றுக்கொள்ளும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

பெல்ட் மாற்றும்போது முன்பக்க ஆயில் சீல்களையும் போடுவார்கள், ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகும், சீல் மட்டம் என்று திட்டுவார்கள். சீல் மேல் பழி இல்லை. இஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் ஃபிளேம் டிராப் என்று நாலணா அளவு பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கிறது. அதன் ஓட்டைகள் கரியில் அடைபட்டால் இஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் பின்சீலைத் தள்ளினால் செலவு பெரிசு, கியர்பாக்ஸை இறக்கவேண்டும். சோதனை எளிது: இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ரப்பர் கையுறையை வாயில் போட்டுப் பாருங்கள். உள்ளே உறிஞ்சினால் நல்லது. பலூன் மாதிரி உப்பினால் வில்லையையும், அது உட்காரும் ஹோஸையும், பிளாக்கில் இருக்கும் ஆயில் பெட்டியையும் சேர்த்து மாற்றுங்கள். வில்லையை மட்டும் துடைத்து வைப்பது அரைகுறை வேலை.

வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். 1980 முதல் 1987 வரை வந்த வண்டிகளில் இஞ்சின் வயரிங்கின் உறையே தானாக உதிரும். முன்னால் அந்தத் தொல்லை, பின்னால் கீல். 1988 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் பாதித் தலைவலி குறைவு.

மற்றவை சில்லறை. ஃபியூஸ் பெட்டி டிரைவரின் இடது கால் பக்கம், முன்கண்ணாடி ஓரம் கசிந்தால் தண்ணீர் நேராக அங்கே இறங்கும். இரண்டு முனையும் கூம்பான பழைய ரக ஃபியூஸ்; பச்சைக் களிம்பு பிடித்தால் ஃபியூஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் போகாது. வருடம் ஒருமுறை மெல்லிய உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்துத் திருகிவிடுங்கள். பேட்டரி அருகே தனியாக இருக்கும் 25 ஆம்பியர் ஃபியூஸிலும் இதே நோய், ஆனால் அது போனால் வண்டியே நின்றுவிடும். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பினால் ஃபியூல் பம்ப் ரிலேயைத் திறந்து விரிசல் விட்ட ஈயப் பற்றுகளைப் புதுப்பியுங்கள். காருக்கு அடியில் பம்ப் ஊளையிட்டால் டேங்குக்குள் இருக்கும் குட்டிப் பம்ப் செத்திருக்கிறது என்று அர்த்தம். ஓடிய தூரத்தை நம்பாதீர்கள், மீட்டருக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் நொறுங்கி எண் நின்றிருக்கும், வேகமுள் மட்டும் ஆடும். ஹீட்டர் காற்றாடி கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் கெட்டது வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், மோட்டார் இல்லை, கும்பிட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் என்றால், அதை முதலில் மேசைமேல் வைத்துச் சுற்றிலும் காரைக் கட்டினார்கள் என்று சொந்தக்காரர்கள் புலம்புவது ஏனென்று புரியும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சந்தோஷம். கப்பல் மாதிரி நீளமான இந்த வண்டி 10 மீட்டருக்குள் திரும்பிவிடும். இஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து, இழுவை பின்சக்கரத்துக்குப் போவதால் முன்சக்கரங்களுக்கு மடங்க நிறைய இடம். சின்ன கார்கள் முன்னும் பின்னும் போய்த் தடுமாறும் சந்தில் ஒரே வீச்சில் திரும்பும்போது அந்த வயரெல்லாம் மறந்துபோகிறது. பின்சீட்டை மடக்கினால் ஆள் படுத்துத் தூங்கலாம், குளிர்பெட்டியைப் படுக்கவைத்து மூடலாம்.

எடுக்கலாமா என்றால், வேண்டாம். ஒரே வண்டி வைத்திருப்பவர், காலை எட்டு மணிக்கு வேலையில் நிற்கவேண்டியவர், சனிக்கிழமை என்பது ஓய்வுநாள் என்று நினைப்பவர், யாருக்கும் வேண்டாம். என்னுடையதை விலைக்குக் கேட்டும் வரவேண்டாம், விற்பதாக இல்லை.

வேண்டாம் என்று சொன்ன பிறகும் பார்க்கப் போவீர்கள், தெரியும். இருட்டிய பிறகு போங்கள். விளக்கு எல்லாவற்றையும் போட்டு, பின்சூட்டையும் வைப்பரையும் ஓடவிட்டு, பிரேக்கை ஒருவர் மிதிக்க, நீங்கள் பின்னால் நின்று கதவைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். ஒரு விளக்கு கண் சிமிட்டினாலும் ஒரு நாள் கூலியையும் பத்து மீட்டர் சிலிக்கான் வயரின் விலையையும் கழித்துப் பேசுங்கள். ஃபியூஸ் பெட்டியில் அளவுக்கு மீறிய ஃபியூஸ் மாட்டியிருந்தால் பேசவே வேண்டாம், கூரைத் துணிக்குள் என்ன கருகிக் கிடக்கிறதோ.