மூடிய பெட்டிக்குள் மினி யூபிஎஸ்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீடு மதுரையில். டிவி வைத்திருக்கும் மரப் பேனலுக்குப் பின்னால், ஆசாரி செய்து கொடுத்த ஒரு சின்னப் பெட்டிக்குள் ஃபைபர் மோடமும் வைஃபை ரவுட்டரும் இருக்கின்றன. கதவைச் சாத்தினால் ஒயர் எதுவும் வெளியே தெரியாது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு வரும் ப்ளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. என் மனைவி மாலையில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித் தருகிறார். கரண்ட் போனால் ஃபேன் ஓடும், லைட் எரியும், வகுப்பு மட்டும் நின்றுவிடும்.

லைனை இன்வெர்ட்டருக்கு மாற்றிவிடலாமே என்றார்கள். பக்கத்து வீட்டில் அப்படித்தான் மாற்றியிருந்தார்கள். அங்கே கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து, திரும்ப உயிர் பெற்று நெட் பிடிக்க மூன்று நிமிடம் ஆகிறது. அதனால் 2022-ல் 1,800 ரூபாய்க்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கினேன். அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பேட்டரி எப்போதும் இணைந்தே இருப்பதால், கரண்ட் போவது ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது.

வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் உங்கள் தெருவரைக்கும் நெட் வருகிறதா? வெறும் ஃபைபராக வந்தால், ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிட நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. மறுமுனையில், நெட் கொடுக்கும் நிறுவனத்தின் அலுவலகத்தில் மின்சாரம் இருந்தால் போதும். சில இடங்களில் கம்பத்துப் பெட்டியில் நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், கரண்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து சாதாரண நெட் கேபிளை வீட்டுக்கு இழுத்திருப்பார்கள். அந்த ஸ்விட்சுக்கு பேக்கப் இல்லையென்றால் நம் வீட்டில் எத்தனை பேட்டரி வைத்தும் பயனில்லை.

அப்புறம் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் மில்லி ஆம்பியர் மணி (mAh) கணக்கு. என் யூபிஎஸ் மேல் 10,400 என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 12 வோல்ட்டின் கணக்கு இல்லை. 10.4 ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 38 வாட் மணி. அதை 12 வோல்ட்டாக உயர்த்துவதில் கொஞ்சம் வீணாகும், கையில் 32, 33 நிற்கும். என் மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 11 வாட் இழுக்கின்றன. அதனால் மூன்று மணி நேரம். புதிதாக இருந்தபோது அளந்தேன், 2 மணி 50 நிமிடம் வந்தது. மாதம் ஒரு நாள் வரும் பராமரிப்பு மின்தடைக்கு அது போதாது, மாலை வகுப்புக்குத் தாராளம்.

முதல் மாதம் ஒரு தொல்லை. பெட்டிக் கதவைச் சாத்தும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து எரிந்தது. யூபிஎஸ்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். காரணம் பின். வெளிவிட்டம் இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர்தான், உள்துளை மட்டும் என் ஒயரில் 2.5, ரவுட்டரில் 2.1. நுழைந்துவிடும், ஆனால் லூசாக ஆடும். 40 ரூபாய் ஒயரை மாற்றியதும் சரியாகிவிட்டது. வோல்ட்டும் அப்படித்தான், லேபிளைப் பார்த்துப் பொருத்த வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகிவிடாதீர்கள். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

ஆனால் நான் உண்மையில் வருந்தியது சூட்டை நினைத்துத்தான். அழகு கெடக் கூடாதென்று யூபிஎஸ்ஸையும் அதே பெட்டிக்குள் ரவுட்டரின் முதுகுப்பக்கம் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன். 2023 மே மாதம் ஒரு மதியம் பெட்டிக்குள் 'டொக்'கென்று சத்தம். திறந்தால் டேப்பின் பசை இளகி, யூபிஎஸ் ஒயரில் தொங்குகிறது. கையில் எடுத்தால் இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் இருந்தது. தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி அரை மணி கழித்துப் பார்த்தேன்: 49 டிகிரி. லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல. நானோ அதை முழு சார்ஜில், அந்தச் சூட்டில், நாள் முழுக்க வைத்திருந்தேன். அந்த ஆண்டுக் கடைசியில் பேக்கப் 1 மணி 10 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. பொருளின் மேல் குறை சொல்ல மனம் வரவில்லை, வைத்த இடம் தப்பு.

2024 தொடக்கத்தில் லித்தியம் அயன் பாஸ்பேட் செல் கொண்ட யூபிஎஸ் வாங்கினேன். விலை ஏறக்குறைய இரட்டிப்பு, கனமும் கூட. ஆனால் இந்த வகைச் செல் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆயுளும் அதிகம். கூடவே ஆசாரியைக் கூப்பிட்டு, பெட்டியின் அடியில் மூன்று, மேலே மூன்று துளை போட்டு, காற்று போக ஜாலித் தகடு பொருத்தச் சொன்னேன். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே சூடு வெளியேறுகிறது. யூபிஎஸ்ஸை மட்டும் பெட்டிக்கு வெளியே, பேனலின் அடித்தட்டில் திருகு போட்டு மாட்டினேன். ஒரு முழம் ஒயர் வெளியே தெரிகிறது, தெரியட்டும். அதே தெர்மாமீட்டர் கடந்த மே மாதம் பெட்டிக்குள் 41 காட்டியது, யூபிஎஸ் பக்கத்தில் 36.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு நேரம் குறித்துக்கொள்கிறேன். முதல் சோதனையில் 3 மணி 5 நிமிடம். போன வாரம் 2 மணி 55 நிமிடம். பழைய யூபிஎஸ்ஸைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். நசுங்கினால் தீப்பிடிக்கும் சாமான் அது.