முழங்காலா, கும்பிடா?

பூண்டி மாதா கோயிலுக்குப் போகும் பாட்டிமார் பலருக்கும் உள்ள சந்தேகம்: நற்கருணைப் பேழைக்கு (பூசையில் அர்ச்சித்த அப்பத்தை வைத்திருக்கும் பெட்டி) முன் முட்டி போட்டே ஆகணுமா?

விதி: வலது முழங்கால் தரையைத் தொடுவதுதான் பொது வழக்கம். கைகூப்பித் தாழக் குனிவதும் முறைதான். வழிபாட்டை நம் நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள 1969-இல் வத்திக்கான் இந்தியாவுக்கு ஒப்புக்கொண்ட 12 தழுவல்களில் அதுவும் ஒன்று.

உடம்பு: முழங்காலிட்டால் பெஞ்சு நுனியைப் பிடித்து எழ வேண்டும், புடவைக் கொசுவம் காலில் மிதிபடும். கும்பிடுக்கு அந்தப் பாடே இல்லை.

வேளாங்கண்ணி மணலில் முட்டியாலேயே நகர்வது வேறு. அது நேர்ச்சை, கட்டாயமில்லை.

முட்டி நல்லா இருக்கிறதா? முழங்காலிடுங்கள். மூட்டுவலியா, கைக்குழந்தையா? நின்று குனியுங்கள். அவசரத்தில் பாதி மடக்கி எழும் அந்த அரைக்குலுக்கல்தான் எனக்குப் பிடிக்காது.