மார்பில் கட்டி, கையில் காப்பீடு இல்லை: தனியாரா, கடலூர் ஜி.ஹெச்.சா, ஜிப்மரா?

போன ஆவணியில் குளிக்கும்போது இடது மார்பின் மேல்பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு இருக்கும், கொஞ்சம் கெட்டி, வலி சுத்தமாக இல்லை. வலிக்கவில்லையே, அதனால் ஒன்றும் இருக்காது என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். இது பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது, ஆகவே வலி இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பெரும்பாலான கட்டிகள் சாதாரணக் கட்டிகள்தான் என்பதும் உண்மை. ஆனால் நம்முடையது எந்த வகை என்று தடவிப் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

எனக்கு 41 வயது, திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். மருத்துவக் காப்பீடு எதுவும் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து அதைத் தாண்டிவிடுகிறது. உங்கள் வருமானம் அந்த வரம்புக்குள் இருந்தால் இன்றைக்கே வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போய்விடுங்கள். சிகிச்சைச் செலவுக்குக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வீட்டில் 70 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் இருந்தால், 2024 அக்டோபர் முதல் வருமானம் பார்க்காமலே மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு, அதையும் அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

என் தம்பி, "அக்கா, இப்பவே ஒரு பாலிசி போட்டுட்டு அப்புறமா டாக்டர்கிட்ட போலாம்" என்றான். பாசத்தில் சொன்னான், ஆனால் அது சரிவராது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கக் கம்பெனிக்கு அனுமதி இருக்கிறது, கட்டியை மறைத்துப் போட்டால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். இதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, மூன்று வழிகள் இருந்தன: தனியார், கடலூர் அரசு மருத்துவமனை, புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு, பெயர் வேண்டாம். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மாலை ஆறு மணிக்குப் போனேன், ஏழரைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட் கையில். டாக்டர் பார்த்துவிட்டு, "நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க, கட்டியை எடுத்துடலாம்" என்றார். 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நகையை அடகு வைத்தால் புரட்டிவிடலாம் என்று வீட்டுக்காரர் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எடுக்கும் முன் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? "எடுத்தப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்டதற்குக் காரணம் என் சித்தி. எட்டு வருடம் முன்பு வேறொரு ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் அவருக்கு இதே போல ஒரு கட்டியை எடுத்தார்கள். எடுத்த கட்டியை ஒரு பாட்டிலில் போட்டுச் சித்தப்பா கையில் கொடுத்து, லேபில் கொண்டு போய்க் கொடுக்கச் சொன்னார்கள். சித்தப்பா பதற்றத்தில் இருந்தார், அது ஞாயிற்றுக்கிழமை, லேப் மூடியிருந்தது, பாட்டில் இரண்டு நாள் வீட்டு ஜன்னலிலேயே இருந்தது. கடைசியில் ரிப்போர்ட்டே வாங்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அதே இடத்தில் கட்டி மறுபடி வந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "போன தடவை எடுத்ததோட பயாப்சி ரிப்போர்ட் எங்கே, பிளாக் எங்கே?" சித்தியிடம் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும்தான் இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இதில்தான் இருக்கிறது. கட்டிக்கு முறையான வழி மூன்று படி: டாக்டர் கையால் பரிசோதிப்பது, ஸ்கேன் (40 வயதைத் தாண்டினால் பொதுவாக மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேரும்), அப்புறம் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து பயாப்சி. இந்த மூன்றும் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொன்ன பிறகுதான் கத்தி. எடுக்கும் சதையை உடனே, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்தில் போட்டு, மெழுகுக் கட்டியாக்கி வைப்பார்கள், அதைத்தான் பிளாக் என்கிறார்கள். ஒருவேளை புற்றுநோய் என்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற சோதனைகளை அந்தப் பிளாக்கிலிருந்துதான் செய்வார்கள், என்ன மருந்து என்பதே அதை வைத்துத்தான். என்ன கட்டி என்று தெரியாமல் வெட்டினால், சுற்றிலும் எவ்வளவு சேர்த்து எடுக்க வேண்டும் என்பது வெட்டுகிறவருக்கே தெரியாது, இரண்டாவது ஆபரேஷன் வரலாம். பணம் இல்லாதவர்களுக்கு 38,000 ரூபாயைவிட அந்த இரண்டாவது ஆபரேஷன்தான் பெரிய பயம். ஆகவே, முதல் பில் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ஊசி ரிப்போர்ட் மோசமாக வந்தால் அடுத்த நாள் யார் நம்மைப் பார்ப்பார்கள் என்று பாருங்கள்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். அலைய முடியாதவர்கள், சின்னக் குழந்தை இருப்பவர்கள் முதல் பரிசோதனையை அங்கேயே முடிக்கலாம். சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் நான் கட்டிக்காகப் போய்ப் பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை.

நான் போனது ஜிப்மர். மண்டலப் புற்றுநோய் மையம் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, எனக்கு அது போதுமாக இருந்தது. நாம் தமிழ்நாடு, அது புதுச்சேரி என்று தயங்க வேண்டாம், வரிசையில் பாதிப் பேர் கடலூர், விழுப்புரம்காரர்கள்தான். விடியற்காலை பாண்டி பஸ், அங்கிருந்து கோரிமேடு போகும் பஸ். ஆதார் எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்தால் ஒரு எண் கொடுப்பார்கள், கடைசி வரை அதுதான் உங்கள் எண். பொது அறுவை ஓ.பி.யில் பார்த்தார்கள். ஒரே நாளில் எல்லாம் முடியாது, உங்களைப் பார்க்கும் டாக்டர் குழுவுக்கு (யூனிட்) என்று உள்ள நாளில் திரும்பப் போக வேண்டும். நான் நான்கு முறை போனேன், நான்கு நாள் கடை மூடிக் கிடந்தது, அந்த நஷ்டத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்கேனில் பைராட்ஸ் 4ஏ என்று வந்தது, கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் எண் அது. 4 என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பயாப்சி செய்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். சதை எடுக்கும் ட்ரூகட் ஊசிக்கு முன் மரத்துப்போக மருந்து போட்டார்கள். "சத்தம் வரும்மா, பயப்படாதீங்க" என்று அந்தப் பெண் டாக்டர் முன்னாலேயே சொல்லி, வெறுமனே ஒரு தடவை அழுத்திக் காட்டினார். ஸ்டேப்ளர் போல டக் என்று ஒரு சத்தம். ஒரு நூல் கனத்துக்கு வெள்ளைச் சதை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்ன பாட்டிலில் மருந்துக்குள் இறங்கியது, மேலே என் எண்ணை ஒட்டினார்கள். சித்தப்பா கையில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் ஃபைப்ரோஅடினோமா, சாதாரணக் கட்டி. எடுக்க வேண்டிய அவசியமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் என்றார்கள். பஸ், சாப்பாடு, அங்கே கட்டிய சின்னத் தொகை, முதல் நாள் வெளியில் எடுத்த ஸ்கேன் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாயைத் தாண்டவில்லை.

எனக்கு நல்லபடியாக வந்ததால் கீமோ, ரேடியேஷன் வரை போனவர்களின் அனுபவம் என்னிடம் இல்லை, அதற்கு அங்கே சிகிச்சை எடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, கையில் பணம் இருந்து, ஊசி போட்டுப் பார்த்த பிறகே எதையும் செய்யும் டாக்டர் கிடைத்தால் தனியாரில் பத்து நாள் மிச்சமாகும். அப்படிப் போனால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் (சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டு) பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் அவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

என் ஃபைல் கடையில் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் மஞ்சப்பையில் இருக்கிறது. பங்குனியில் அடுத்த ஸ்கேன், இந்தத் தடவை சித்தியும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.